மட்கார்டில் ஒரு மஞ்சள் டேப்

காலையில் படகைத் தண்ணீரில் இறக்கும்போது எல்லோருக்கும் தெம்பு இருக்கும். வெயில் ஏறியிருக்காது, ஆளுக்கு ஆள் வழிவிடுவார்கள், முன்பின் தெரியாதவர்கூட வந்து கயிற்றைப் பிடித்துக்கொள்வார். சாயங்காலம் அதே சாய்தளம், அதே ஆட்கள், ஆனால் முகங்கள் வேறாக இருக்கும். நாள் முழுக்க வெயிலிலும் அலையிலும் இருந்த களைப்பு, இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற பதற்றம், பின்னால் முறைக்குக் காத்திருக்கும் நாலு படகுக்காரர்களின் பார்வை. இத்தனையும் வந்து விழுவது ஒரே வேலையின் மேல்: மிதக்கிற படகை டிரெய்லரில் உட்காரவைத்துக் கரைக்கு இழுப்பது.

எங்கள் படகு நானும் என் தங்கையும் சேர்ந்து வாங்கியது. ஐந்தரை மீட்டர் நீள ஃபைபர் படகு, பின்னால் ஒரு அவுட்போர்டு இன்ஜின், ஒற்றை அச்சு டிரெய்லர். ஏழு வருஷமாக வைத்திருக்கிறோம். அவள் காரை ஓட்டுவாள், நான் படகில் இருப்பேன். படகேற்றுவது பற்றி இந்த ஏழு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி ஒரே கேள்விக்குள் அடங்கிவிடும்: டிரெய்லர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது? காற்று, கயிறு, விஞ்ச் (கைப்பிடியைச் சுற்றிப் படகைப் பட்டையால் இழுக்கும் உருளை) எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதை நாங்கள் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாவது வருஷம் ஒரு மாலை. பக்கவாட்டில் நல்ல காற்று. எங்களுக்குப் பின்னால் இரண்டு படகுகள் காத்திருந்தன. நான் படகில் நின்றுகொண்டு, "இன்னும் பின்னால வா, இன்னும் வா" என்று கத்திக்கொண்டே இருந்தேன். டிரெய்லரை ஆழமாக இறக்கினால் படகு தானாக மிதந்து உள்ளே வந்துவிடும், விஞ்சைச் சுற்றுகிற வேலை மிச்சம் என்பது என் கணக்கு. அப்படியேதான் வந்தது. எங்கேயும் உரசாமல் டிரெய்லருக்கு மேல் மிதந்து வந்து, முன்பக்க ரப்பர் தடுப்பில் முட்டி நின்றது. கொக்கியை மாட்டினேன், விஞ்சை இறுக்கினேன், "இழு" என்றேன். தங்கை மெதுவாகத்தான் இழுத்தாள். டிரெய்லர் தண்ணீரைவிட்டு வெளியே வர வர, படகின் பின்பக்கம் காற்றோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே வந்து, கடைசியில் வலதுபக்கத் தாங்குகட்டைக்கு (படகின் அடியைத் தாங்க டிரெய்லரில் நீளவாக்கில் வைத்திருக்கும் கட்டை) வெளியே போய் உட்கார்ந்தது. 'டொக்' என்று ஒரு சத்தம். சமதரைக்கு வந்து இறங்கிப் பார்த்தால், படகின் அடிப்பாகம் கட்டையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டையைத் தாங்கும் இரும்புக் கை வளைந்திருந்தது. ஃபைபரின் மேல்பூச்சில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

திரும்பவும் இறக்கி, மிதக்கவிட்டு, மறுபடி ஏற்றினோம். அன்று ராத்திரி தங்கை ஒரு தாளை எடுத்துப் படம் போட்டாள். தண்ணீருக்கு ஒரு நேர்கோடு, சாய்தளத்துக்கு ஒரு சாய்கோடு. "படகு தண்ணியில படுத்திருக்கு. டிரெய்லர் சரிவுல நிக்குது. ரெண்டும் ஒரே கோணத்துல இல்லண்ணா. எங்க, எப்போ ரெண்டும் ஒண்ணு சேருதுங்கிறதுதான் விஷயம்" என்றாள். படகை டிரெய்லரில் ஏற்றுவது பற்றி எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பாடம் அந்தத் தாள்தான்.

படகு இறக்கும் சாய்தளங்களைப் பெரும்பாலும் 12 முதல் 15 சதவீதச் சரிவில் கட்டுகிறார்கள். அதாவது பத்து மீட்டர் போனால் 1.2 மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை இறக்கம். சரிவு இதைவிடக் குறைந்தால், டிரெய்லருக்கு வேண்டிய ஆழம் கிடைப்பதற்குள் காரின் பின்சக்கரமே தண்ணீரில் போய் நிற்கும். இதைவிடக் கூடினால் ஏறும்போது கார் திணறும், டயர் வழுக்கும். கோணமாகச் சொன்னால் 7 முதல் எட்டரை டிகிரி. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஐந்தரை மீட்டர் நீளத்தை 8 டிகிரி சாய்த்தால் இரண்டு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 75 சென்டிமீட்டருக்கு மேல் வந்துவிடும். மட்டமாக மிதக்கிற ஒரு படகு, அந்த முக்கால் மீட்டர் வித்தியாசத்துக்குத் தன்னைச் சாய்த்துக்கொண்டுதான் டிரெய்லரில் படிய வேண்டும்.

கடலோர மக்கள் படகின் முன்முனையை அணியம் என்பார்கள், பின்முனையை அமரம் என்பார்கள். டிரெய்லரின் முன்பக்கம் மேட்டில் இருப்பதால், படகு ஏறும்போது முதலில் கட்டையைத் தொடுவது அணியம். அமரம் கடைசிவரை மிதந்துகொண்டே இருக்கும். கார் இழுக்க இழுக்க, அணியம் மேலே எழும்ப, அமரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து கட்டையில் உட்காரும். அந்த இடைவேளையில்தான் எல்லா வம்பும் நடக்கிறது. முன்பக்கம் டிரெய்லரோடு கட்டுண்டிருக்கும், பின்பக்கம் இன்னும் தண்ணீருக்குச் சொந்தமாக இருக்கும். காற்று அடித்தால் அது தள்ளிய பக்கம் போகும். எவ்வளவு நேரம் மிதக்கிறதோ அவ்வளவு தூரம் விலகும். டிரெய்லரை நான் ஆழமாக இறக்கியதால் அந்த நேரத்தை நானே நீட்டிக் கொடுத்திருந்தேன்.

சரியான ஆழத்தில் என்ன நடக்கும் என்றால், தாங்குகட்டைகளின் முன் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்கு மேலே இருக்கும். படகு கட்டைக்கு மேல் மிதந்து வருவதற்குப் பதிலாக, கடைசி ஒன்றரை மீட்டர் கட்டையில் உரசிக்கொண்டு ஏறும். அந்த உரசல்தான் நமக்கு வேண்டியது. அணியம் அப்போதே எழும்பிவிடும், படகு டிரெய்லரின் சரிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், அமரம் தாழ வேண்டிய தூரம் கொஞ்சம்தான் பாக்கி இருக்கும். கார் இழுத்த முதல் அரை மீட்டரிலேயே மொத்தப் படகும் படிந்துவிடும். காற்றுக்கு அவகாசம் இல்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு. தண்ணீரில் இருக்கும்போது படகு முன்பக்கத் தடுப்பை ஒட்டி இறுக்கமாக நிற்கும். மேலே இழுத்து வந்து பார்த்தால் மூன்று விரல் இடைவெளி விழுந்திருக்கும். பலர் இதற்கு விஞ்சைக் குறை சொல்வார்கள், பட்டை நீண்டுவிட்டது என்பார்கள். அமரம் தாழும்போது படகு கட்டையின் முன்முனையை ஊன்றுகோலாக வைத்துச் சுழல்கிறது, அணியம் மேலும் பின்னுமாக நகர்கிறது. அதனால் விழுந்த இடைவெளி அது. டிரெய்லர் எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அவ்வளவு சுழற்சி, அவ்வளவு இடைவெளி. சாய்தளத்தின் உச்சியில் நின்றுகொண்டு ஒரு டன் படகை விஞ்சால் இழுத்து அந்த மூன்று விரலை மூடப் பார்ப்பவர்களை எல்லா இடத்திலும் பார்க்கிறேன். பட்டை நரம்புபோல் விறைத்து நிற்கும். பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். மறுபடி இறக்கி, ஒரு சாண் ஆழம் குறைத்து ஏற்றினால் இரண்டு நிமிஷ வேலை.

ஆழம் குறைந்தாலும் தொல்லைதான், ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. 1,000 கிலோ படகை 15 சதவீதச் சரிவில் மேலே இழுக்க, உராய்வைச் சேர்க்காமலே 150 கிலோ இழுவை வேண்டும். கம்பளம் சுற்றிய கட்டையில் உராய்வும் சேர்ந்துகொண்டால் விஞ்ச் முனகும். கை உடனே சொல்லிவிடும், "இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடு" என்று. மிதக்கிற பாகத்தின் எடையைத் தண்ணீர் சுமக்கிறது. நாம் மிச்சத்தை மட்டும் இழுக்கிறோம். எவ்வளவு மிச்சம் வைத்துக்கொள்வது என்பதுதான் ஆழத்தின் கணக்கு.

அதனால் தங்கை ஒரு வேலை செய்தாள். காற்றில்லாத ஒரு காலையில், ஆளில்லாத சாய்தளத்தில், ஆறேழு தடவை படகை ஏற்றி இறக்கினோம். ஒவ்வொரு தடவையும் டிரெய்லர் மட்கார்டில் தண்ணீர் எங்கே தொடுகிறது என்று அவள் குறித்துக்கொண்டாள். நன்றாகப் படிந்த ஆழம் வந்ததும் அந்த இடத்தில் மஞ்சள் டேப் ஒட்டினாள். எங்கள் டிரெய்லருக்கு அது மட்கார்டின் உச்சியிலிருந்து நாலு விரல் கீழே. வேறு டிரெய்லருக்கு வேறு இடமாக இருக்கும். செங்குத்தான சாய்தளத்தில் டிரெய்லரின் முன்பக்கம் கூடுதலாகத் தூக்கி நிற்பதால், டேப்பைத் தாண்டிக் கொஞ்சம் இறக்க வேண்டிவரும். தட்டையான இடத்தில் அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். ஆனாலும் ஒரு தொடக்கப் புள்ளி கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் நான் "இன்னும் பின்னால வா" என்று கத்த வேண்டியிருக்கவில்லை.

கம்பளக் கட்டை வைத்த டிரெய்லர்களுக்கு மட்டும் ஒரு சின்ன வித்தை. முதலில் டேப்பைத் தாண்டி முழுசாக இறக்கிக் கட்டைகளை நனைத்துவிட்டு, பிறகு முன்னால் இழுத்து டேப்பில் நிறுத்த வேண்டும். காய்ந்த கம்பளம் படகைப் பிடித்துக்கொள்ளும், நனைந்தது வழுக்கிவிடும். ரோலர் வைத்த டிரெய்லர் வேறு ஜாதி. அதற்கு இவ்வளவு தண்ணீர் வேண்டாம், அணியத்தை முதல் ரோலரில் வைத்துவிட்டு விஞ்சைச் சுற்றினால் உருண்டு ஏறிவிடும். அதே சுலபத்தோடு இறங்கியும் விடும் என்பதுதான் அதில் ஆபத்து. காலையில் சாய்தளத்தில் கொக்கியை முன்கூட்டியே கழற்றி, படகு உருண்டு காங்கிரீட்டில் விழுந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டிரெய்லரின் பின்பக்கம் தண்ணீரில் இறங்கும்வரை கொக்கியைத் தொடக்கூடாது.

பின்னால் ஓட்டுவதைப் பற்றி நான் சொல்வதைவிடத் தங்கை சொன்னால்தான் பொருத்தம், அவள்தான் அதில் கை தேர்ந்தவள். அவள் முறை இது: கையை ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். அவ்வளவுதான், தலைகீழாக யோசிக்க வேண்டியதில்லை. கொஞ்சம் திருப்பி, காத்திருந்து, டிரெய்லர் பதில் சொன்னதும் உடனே நேராக்கிவிட வேண்டும். குட்டி டிரெய்லர் சட்டென்று மடங்கிவிடும், நீளமானது நிதானமாகக் கேட்கும். மடங்க ஆரம்பித்தால் சமாளிக்கப் பார்க்காமல் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வர வேண்டும். படகில்லாத வெறும் டிரெய்லர் தாழ்ந்து கிடப்பதால் கண்ணாடியில் தெரியவே தெரியாது. அதற்காகப் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் குழாய்க் கம்பங்கள் நட்டிருக்கிறோம். அவளுக்கு அது பின்னால் வருவதற்கு அடையாளம், எனக்குப் படகை எங்கே நுழைப்பது என்பதற்கு வாசல்.

காற்றைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆழம் சரியாக இருந்தாலும் காற்று நம்மை ஏமாற்றும். இன்ஜினும் அதன் எடையும் அமரத்தில் இருக்கின்றன. அதனால் அமரம் தண்ணீரில் அழுந்தி நிற்கும். அணியம் லேசானது, உயர்ந்தது, தண்ணீரில் பிடிப்பு இல்லாதது. பக்கக் காற்று அடித்தால் முதலில் திரும்புவது அதுதான். மிக மெதுவாக வந்தால் இன்ஜின் படகைத் திருப்பப் போதுமான தள்ளு இருக்காது, ஸ்டியரிங் செத்த மாதிரி ஆகிவிடும். ஆரம்பத்தில் பயத்தில் நான் ரொம்ப மெதுவாக வந்துதான் கம்பத்துக்கு வெளியே போய் நிற்பேன். இப்போது காற்று வருகிற பக்கமாகக் கொஞ்சம் தள்ளிக் குறிவைத்து, நடைவேகத்தில் வருவேன். இரண்டு படகு நீளத்துக்கு முன்னால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடுவேன். தேவைப்பட்டால் ஒரே ஒரு நொடி கியரைப் போட்டு மூக்கைத் திருப்பிக்கொள்வேன். ஆற்றில் நீரோட்டத்துக்கும் இதே வழிதான், மேல்பக்கமாகக் குறிவைத்து வர வேண்டும். ஆனால் காற்று மூச்சுவிடும், நீரோட்டம் மூச்சுவிடாது. காற்றில் ஒரு ஓய்வுக்குக் காத்திருக்கலாம், ஆற்றில் அது கிடையாது.

காற்று அதிகமான நாளில் அமரத்தில் ஒரு கயிறு கட்டி, காற்று வருகிற பக்கத்து மிதவைத்தளத்தில் யாரையாவது பிடிக்கச் சொல்லுவோம். டிரெய்லர் வெளியே வரும் அந்த அரை மீட்டருக்கு மட்டும் அவர் கயிற்றைத் தளரவிடாமல் பிடித்தபடி கூடவே நடந்தால் போதும். நான் இதுவரை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை.

சிலர் இன்ஜினை முடுக்கி, படகை அதன் பலத்தாலேயே டிரெய்லர் மேல் ஏற்றிவிடுவார்கள். பார்க்க வேகமாகவும் சாமர்த்தியமாகவும் இருக்கும். இதை நான் செய்வதில்லை, செய்ய வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவும் தயங்குவதில்லை. காரணம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. புரொப்பெல்லர் பின்னால் தள்ளுகிற தண்ணீர், காங்கிரீட் முடிகிற இடத்தில் உள்ள மண்ணையும் கல்லையும் அரித்துக்கொண்டு போகும். அங்கே ஒரு குழி விழும். அரித்த மண் கொஞ்சம் தள்ளி மேடாகச் சேரும். தண்ணீர் நிறைய இருக்கும்போது எதுவும் தெரியாது. தண்ணீர் வற்றிய ஒரு நாள், நம்மைப் போல் யாரோ ஒருவர் டிரெய்லரைக் கொஞ்சம் கூடுதலாக இறக்குவார். சக்கரம் காங்கிரீட்டின் விளிம்பைத் தாண்டிக் குழிக்குள் விழும். மேலே இழுத்தால் அச்சு விளிம்பில் மாட்டிக்கொள்ளும். இன்னொரு படகோ மேட்டில் தட்டிப் புரொப்பெல்லரை வளைத்துக்கொள்ளும். இதனாலேயே பல இடங்களில் இதற்குத் தடை. அறிவிப்புப் பலகை இல்லாத இடத்திலும் குழி விழத்தான் செய்கிறது. படகை ஓட்டிவந்து கட்டையில் லேசாக ஏறவைத்து, இன்ஜினை அணைத்து, மிச்சத்தை விஞ்சால் இழுத்தால் அடுத்தவருடைய சக்கரம் பிழைக்கும்.

கடலோரச் சாய்தளங்களில் ஓதமும், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதும், கணக்கில் சேரும். பெரும்பாலான கரைகளில் உச்சத்திலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். காலையில் உச்சத்தில் இறக்கிவிட்டுப் போனால், மத்தியானத்துக்கு மேல் திரும்பும்போது சாய்தளம் வேறொன்றாக மாறியிருக்கும். காலையில் தண்ணீருக்குள் இருந்த காங்கிரீட் வெளியே தெரியும், அது முழுக்கப் பச்சைப் பாசி. கார் அந்தப் பாசியில்தான் நின்று இழுக்க வேண்டும். காங்கிரீட்டில் சாய்வாகக் கோடு கிழித்திருப்பது பிடிப்புக்காகத்தான், ஆனால் அந்தப் பள்ளங்களில் பாசி நிரம்பினால் பிரயோஜனம் இல்லை. முன்சக்கரம் இழுக்கிற கார் என்றால் இன்னும் சிரமம். மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாயும், டிரெய்லரின் நுனி எடையும் பின்பக்கத்தை அழுத்தும், இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் லேசாகிவிடும். டயர் சுழல ஆரம்பித்தால் கூடுதலாக மிதித்து ஒன்றும் ஆகாது. காலை எடுத்துவிட்டு, மெல்ல, ஒரே சீராகக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். நாங்கள் போகும் முன் ஓத அட்டவணையைப் பார்த்து, திரும்பும் நேரத்தை வற்றத்திலிருந்து தள்ளி வைத்துக்கொள்கிறோம்.

பாசியில் வழுக்கி விழுவது மனிதர்களும்தான். டிரெய்லருக்குப் பின்னால், சரிவின் கீழ்ப்பக்கத்தில், யாரும் நிற்கக்கூடாது. குழந்தைகள் என்றால் சாய்தளத்திலேயே கூடாது. தங்கை காரிலிருந்து இறங்க வேண்டியிருந்தால் கியரைப் பூட்டுவதோடு ஹேண்ட் பிரேக்கும் போட்டு, பின்சக்கரத்துக்கு ஆப்பும் வைத்துவிட்டுத்தான் வருவாள். ஆட்டோமேட்டிக் கார்களில் பார்க்கிங் கியரைப் பிடித்து வைப்பது ஒரு சின்ன இரும்பு நாக்குதான். ஒரு காரையும் ஒரு படகையும் சரிவில் பிடித்து நிறுத்துகிற மொத்தப் பொறுப்பையும் அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

விஞ்ச் பார்க்கச் சாது. அதன் பல்நாக்கு சரியாக விழாமல் கையை எடுத்தால் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழலும், மணிக்கட்டை உடைக்கிற வேகத்தில். 'டிக் டிக்' சத்தம் கேட்டால்தான் நாக்கு விழுந்திருக்கிறது என்று அர்த்தம், காதால் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கையை எடுப்பேன். பட்டை இறுகி நிற்கும்போது அதற்கு நேர்க்கோட்டில் முகத்தை வைப்பதில்லை. வெயிலில் நைந்த பட்டை எப்போது அறும் என்று சொல்ல முடியாது, ஓரத்தில் நூல் பிரிந்ததும் மாற்றிவிடுகிறோம். விஞ்ச் இறுகியதும் அடுத்த வேலை சங்கிலி. அணியத்து வளையத்தில் பட்டையின் கொக்கி ஒன்று, தனியாக ஒரு சங்கிலி ஒன்று. சங்கிலி மாட்டாமல் "இழு" என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது. அதற்கு முன் இன்ஜினையும் உயர்த்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் பாதம் காங்கிரீட்டில் கோடு போட்டுக்கொண்டே வரும்.

"இழு" என்ற வார்த்தையைப் பற்றி. எங்களுக்குள் மூன்றே மூன்று வார்த்தைகள்: வா, நில், இழு. அவை தவிர சாய்தளத்தில் நாங்கள் வேறெதுவும் பேசுவதில்லை. முன்பெல்லாம் நான் படகிலிருந்து முழு வாக்கியங்களாகக் கத்துவேன், கரையில் நிற்கிற இரண்டு பேர் அவர்கள் பங்குக்குக் கத்துவார்கள், இன்ஜின் சத்தத்தில் தங்கைக்குப் பாதிதான் காதில் விழும். அந்த விரிசல் விழுந்த நாளில் அவள் இரண்டு தடவை "போதும்ணா" என்று சொல்லியிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நிறுத்தியிருப்பேனா தெரியாது. அதை அவளிடம் சொன்னேன். அப்புறம்தான் இந்த மூன்று வார்த்தை ஏற்பாடு வந்தது. "நில்" என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னால் உடனே நிற்க வேண்டும், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மேலே வந்ததும் சாய்தளத்தைவிட்டு விலகிச் சமதரையில் நிறுத்திவிடுகிறோம். பின்பக்கப் பட்டைகளைக் கட்டுவது, கம்பிகளை மடக்குவது, சாமான்களை எடுப்பது எல்லாம் அங்கேதான். சரிவில் நின்றுகொண்டு தூண்டிலை அடுக்குவது காத்திருப்பவர்களுக்குச் செய்கிற அநியாயம். இருட்டில் என்றால் முகப்பு விளக்கையும் அணைத்துவிடுவோம், சாய்தளத்துக்கு ரிவர்ஸில் வருகிறவருடைய கண்ணாடியில் அது கண்ணைக் கூசவைக்கும்.

சமதரையில் முதல் வேலை வடிகால் மூடியைக் கழற்றுவது. படகின் அடியில் நூறு லிட்டர் தண்ணீர் தேங்கியிருந்தால் நூறு கிலோவைச் சும்மா இழுத்துக்கொண்டு போகிறோம், அதுவும் பிரேக் போடும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஓடுகிற நூறு கிலோ. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைச் சேர்ந்த வரிச்சிப்பி ஒன்று, வரிக்குதிரைபோல் கோடு போட்ட விரல்நுனி அளவுச் சிப்பி, 1988இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. கடல் கடந்து அதைக் கொண்டுவந்தது பெருங்கப்பல்களில் நிரப்பிவந்த தண்ணீர். ஆனால் அங்கிருந்து ஏரி ஏரியாக அது பரவியதில் டிரெய்லரில் போகிற சின்னப் படகுகளுக்கும் பங்கு உண்டு. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது, அடியில் தேங்கிய தண்ணீரில் பயணம் செய்யும். வளர்ந்த சிப்பி ஈரமான இடத்தில் ஒட்டிக்கொண்டு பல நாள் உயிரோடு இருக்கும். ஒரு நீர்நிலையில் நுழைந்துவிட்டால் குழாய்களை அடைத்து, மற்ற சிப்பிகளின் மேலேயே ஒட்டி வளர்ந்து அவற்றைச் சாகடிக்கும், திரும்ப முழுக்க எடுப்பது மிகக் கடினம். பாசித் துணுக்குகளும் அப்படித்தான், டிரெய்லர் அச்சில் சுற்றிய ஒரு சாண் கொடி போதும். நாங்கள் கொடிகளைக் கையால் பிய்த்து அங்கேயே குப்பையில் போட்டு, தண்ணீர் முழுக்க வடித்து, வேறு ஏரிக்குப் போவதற்கு முன் நன்றாகக் காயவைக்கிறோம். எனக்கு இதில் சமரசமே கிடையாது. நமக்குக் கிடைத்த தண்ணீர் நமக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் இதே மாதிரி கிடைக்க வேண்டும்.

சக்கரத்துக்கும் ஒரு வார்த்தை. நெடுந்தூரம் ஓடி வந்த டிரெய்லரின் பேரிங் சூடாக இருக்கும். அதை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கிரீஸ் கெடும், துரு பிடிக்கும், ஒருநாள் நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்றுகொள்ளும். அதனால் காலையில் இறக்குவதற்கு முன் சாமான்களை ஏற்றுகிற வேலையைச் செய்துகொண்டே சக்கரத்தை ஆறவிடுகிறோம். சாயங்காலம் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஒருமுறை ஓரமாக நிறுத்தி, சக்கரத்தின் நடுப்பகுதியில் கையை வைத்துப் பார்ப்போம். வெதுவெதுப்பு என்றால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அதற்குமேல் ஓட்டுவதில்லை.

போன மாதம் முதல் தடவையாக இடம் மாறிக்கொண்டோம். தங்கை படகில், நான் காரில். அவளுக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை, எனக்குப் பின்னால் ஓட்டப் பழக வேண்டியிருந்தது. இரண்டு தடவை மடங்கியது, இரண்டு தடவையும் முன்னால் போய் நேராக்கினேன். மூன்றாவது தடவை கம்பங்கள் இரண்டும் கண்ணாடியில் சமமாகத் தெரிந்தன. "வா" என்றாள். வந்தேன். கட்டைகளை முழுசாக நனைத்துவிட்டு முன்னால் இழுத்தேன். "நில்" என்ற அவள் குரலும் நான் டேப்பைப் பார்த்ததும் ஒரே சமயத்தில் நடந்தன. தண்ணீர் மஞ்சள் டேப்பின் கீழ் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கம்பளத்தில் படகு உரசி ஏறுகிற சத்தம் கேட்டது. விஞ்ச் டிக் டிக் என்றது, சங்கிலி கிணுங்கியது. "இழு" என்றாள்.

சமதரையில் நிறுத்தி இறங்கிப் போனபோது, அவள் ஏற்கெனவே முன்பக்கத்தில் நின்று அணியத்துக்கும் ரப்பர் தடுப்புக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுழையவில்லை. நான் பின்பக்கம் போய் வடிகால் மூடியைத் திருகினேன். தண்ணீர் கட்டைவிரல் தடிமனில் பீய்ச்சிக்கொண்டு வந்து, மெலிந்து, சொட்டாகி, நின்றது.